அரசப்பன் தச்சு கழித்த எந்திரம்

பூமிநாதன் அம்பலம் என் தாய்மாமன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லித் தெரியவந்தால் நான் மறைத்ததாக ஆகிவிடும். அரசப்பன் ஆசாரி எனக்கு உறவில்லை. அவரோடு நான் பேசியது ஒரே ஒரு நாள்தான். ஆனாலும் எழுத வேண்டியது அவரைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்கும் கண்டரமாணிக்கத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரின் தெற்குக் கடைசியில் ஆசாரி தெரு. பதினான்கு வீடுகள். தச்சு வேலை, கொல்லு வேலை, நகை வேலை என்று வீட்டுக்கு ஒரு தொழில். அரசப்பன் கொல்லு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வயது வரைக்கும் அப்பாவோடு ஏருக்குக் கொழு அடித்துக்கொண்டிருந்தவர், பிறகு காரைக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். காலை ஆறேகால் பஸ்ஸில் போய் சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் திரும்புவார். அவர் சட்டையில் எப்போதும் அம்மோனியா வாடை அடிக்கும் என்றும், பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் கடைசியாகத்தான் நிரம்பும் என்றும் சொல்வார்கள்.

1964இல் நிலக்கரி தேடி ஒரு சர்க்கார் கூட்டம் ஊருக்கு வந்தது. மாமாவின் மேட்டுப் புஞ்சையில் கோபுரம் மாதிரி இரும்பை நிறுத்தி, ஆயிரத்து எழுநூறு அடிக்குப் போர் போட்டார்கள். கரி கிடைக்கவில்லை. தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. கையை வைத்தவன் உதறிக்கொண்டு ஓடினான். அவ்வளவு சூடு. இரும்பு வாசம் அடித்ததால் குடிக்க உதவவில்லை, பயிருக்கும் ஆகவில்லை. வந்தவர்கள் குழாய்க்கு ஒரு மூடி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூடியின் ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கோழி உரிப்பவர்கள் அங்கே போனார்கள். மூட்டு வலிக்காரர்கள் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். "நாளைக்கு அரிசியக் கொண்டாடி, இங்கயே வடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்று பெண்கள் சிரித்தார்கள்.

அரசப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனி வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் வைத்தார். நூற்று ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். அடுத்த வாரமும் வைத்தார். மழைக்காலத்தில் வைத்தார், கோடையில் வைத்தார். ஒரு டிகிரிகூட மாறவில்லை.

அவருக்குத் தோன்றியது இதுதான். ஐஸ் கம்பெனியில் கரண்ட் கொடுத்து கம்ப்ரஸரை ஓட்டுகிறோம். அது அம்மோனியா வாயுவை அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலிருந்து கடைசியில் குளிர் வருகிறது. இதையே திருப்பிப் போட்டால் என்ன? அம்மோனியா தண்ணீர் மாதிரி இல்லை. கொதிப்பதற்கு அதற்கு அடுப்பு வேண்டாம், வெதுவெதுப்பான சூடே போதும். இரும்புக் குழாயில் அம்மோனியாவை அடைத்துச் சுற்றிலும் இந்த வெந்நீரை ஓடவிட்டால் அது வாயுவாகிப் பிதுங்கும். பிதுங்குகிற வாயு கம்ப்ரஸரின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் டைனமோவைச் சுற்றும். வேலை முடிந்த வாயுவைப் பக்கத்துக் கண்மாய்த் தண்ணீரில் கிடக்கிற குழாய் வழியாக விட்டால் அது குளிர்ந்து மறுபடி திரவமாகும். ஒரு சின்ன பம்ப் அதைத் திரும்பவும் வெந்நீர்ப் பக்கம் தள்ளிவிடும். கரி வேண்டாம், டீசல் வேண்டாம், புகை கிடையாது. பூமி சுடச்சுடத் தருகிற வரைக்கும் கரண்ட் வரும்.

கம்பெனியில் இதைச் சொன்னபோது மேனேஜர் சிரித்தாராம். "ஐஸ் செய்யக் கூப்பிட்டா நீ வெந்நீர் போடப் போறியாக்கும்?" சிரித்தாலும், பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன கம்ப்ரஸர் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டைனமோ நெற்குப்பை என்கிற ஊரில் கிடைத்தது. அங்கே ஒரு பெரிய வீட்டில் கல்யாணத்துக்கு வெளிச்சம் போட முன் காலத்தில் சொந்தமாக எஞ்சின் வைத்திருந்தார்கள். அதன் டைனமோ மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. அந்த வீட்டு ஆச்சி, "எடுத்துக்கிட்டுப் போங்க ஆசாரி, மாடு இடிச்சுக்குது" என்று கொடுத்துவிட்டாராம்.

மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலை பார்த்தார். 1967 கார்த்திகையில், கண்மாய் நிறைந்திருந்தபோது முதல் தடவை ஓட்டினார். ஒரு இணைப்பில் அம்மோனியா கசிந்ததும், நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிதறினார்கள். "கரண்டு வருதோ இல்லையோ, கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று அவர் மனைவி வள்ளிக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கத்தினார். அரசப்பன் ஸ்பேனரோடு பக்கத்தில் போய் இறுக்கிவிட்டு வந்தார். சக்கரம் தயங்கித் தயங்கிச் சுற்றியது. பிறகு தயங்காமல் சுற்றியது. வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்த நான்கு பல்புகளும் எரிந்தன. பகல் பன்னிரண்டு மணி. வெயிலில் அந்த வெளிச்சம் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

அதுவரைக்கும் ஊரில் எந்த வீட்டிலும் கரண்ட் கிடையாது.

மறுநாளே மாமா ஆள் அனுப்பினார். இடம் அவருடையது, அதனால் போகாமல் இருக்க முடியாது. அன்று பேசியதை நான் மாமாவின் மனைவி, என் அத்தை முத்தழகு வாயால் கேட்டபடி எழுதுகிறேன். அத்தைதான் அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது.

"நாலு பல்பு எதுக்கு ஆசாரி? நாற்பது பல்பு எரியிற மாதிரி செய்யும். கொட்டகை போட்டுத் தாரேன். இரும்பு, குழாய் எல்லாம் என் பொறுப்பு" என்றார் மாமா.

"செய்யலாம் அம்பலம். வேலைக்குப் போயிக்கிட்டே இதச் செய்ய முடியாது."

"வேலைய விட்டுரும். ஒரு வருசத்துக்கு உம்ம வீட்டு அரிசி பருப்பு என் வீட்டுல இருந்து வரும். அப்புறம் எந்திரத்த ஓட்டப் போறதும் நீருதான்."

அரசப்பன் உடனே சரி சொல்லவில்லை. "எங்க தெருவுக்கு வெளிச்சம் வேணும். தட்டாரு வீட்டுல எல்லாரும் சிம்னி வெளக்குல கண்ண அவிச்சுக்கிட்டாக" என்றார்.

"முதக் கம்பி ஆசாரி தெருவுக்குத்தான். போதுமா? எந்திரம் என்னோடது, கம்பி உங்க தெருவோடது. கம்பிய மட்டும் நீங்க வாங்கிக்கங்க."

அத்தை குறுக்கே புகுந்தார். "முதக் கம்பி அங்குட்டுப் போனா என் அடுப்படிக்கு எத்தனாவது கம்பியாம்?"

"ரெண்டாவது கம்பி உனக்கு, போ" என்றார் மாமா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

அரசப்பன் ஐஸ் கம்பெனி வேலையை விட்டார். நிரந்தர வேலை அது. தெருவில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். கம்பி வாங்க யாரிடமும் ரொக்கம் இல்லை. எல்லார் வீட்டிலும் இருந்தது கல்யாணச் சீராக வந்த செம்புப் பாத்திரம்தான். வள்ளிக்கண்ணு முதலில் தன் தவலையைக் கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்தார். நகை வேலை செய்கிற ஆசைத்தம்பி இரண்டு குடங்களைக் கொடுத்தார். அவருக்கு அப்போதே நகையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற இடம் சரியாகத் தெரியாமல் போயிருந்தது. "வெளிச்சம் வந்தா இன்னும் பத்து வருசம் ஊதுவேன்டா" என்றாராம். பதினான்கு வீட்டுச் செம்பும் ஒரு மாட்டு வண்டி நிறைய மதுரைக்குப் போய், செம்புக் கம்பியாக இரண்டு சுருள் திரும்பி வந்தது. சுருள்களை எந்திரக் கொட்டகையிலேயே வைத்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் அந்தக் கொட்டகையில்தான் கிடந்தார். வெந்நீர்க் குழாயைப் பெரிதாக்கினார். சூடு மட்டும் போதாது, அந்தச் சூட்டுக்கும் கண்மாயின் குளிருக்கும் உள்ள வித்தியாசம்தான் எந்திரத்தை ஓட்டுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். அதற்காகக் கண்மாய்க்குள் இன்னும் இருபது குழாய் இறக்கினார். வெந்நீரின் இரும்புக் கசடு குழாய்க்குள் ஓடு மாதிரி படியும். மாதம் ஒரு தடவை கழற்றிச் சுரண்ட வேண்டும். அதற்கென்று நீளமான கம்பித் தூரிகை ஒன்றை அவரே அடித்து வைத்துக்கொண்டார். எந்திரம் மூன்று குதிரைத் திறனுக்கு வந்தது. முப்பது பல்பு தாராளமாக எரியும். தெருவுக்கு வீட்டுக்கு இரண்டு என்று கணக்குப் பார்த்தால் இருபத்தெட்டு.

அந்தச் சமயத்தில்தான் மாமா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை சத்தியமூர்த்தி, மதராஸில் பி.இ. படித்தவர். 1969 தை மாதம் எந்திரத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அதே நாளில் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல் என்றுதான் அரசப்பன் நினைத்தார்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் மாமா கொட்டகைக்கு வந்தார். "ஆசாரி, எல்லாம் முடிஞ்சுதுல்ல? புது வீட்டுக்குத் தச்சு கழிக்கிற மாதிரி இதுக்கும் கழிச்சிரும். ஊர்க்கண்ணு பெரிய கண்ணு" என்றார்.

தச்சு கழிப்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டி முடித்ததும், வீட்டுக்காரர் குடிபோவதற்கு முன்னால், கட்டிய ஆசாரி கடைசியாக ஒரு பூசை செய்வார். பூசணிக்காயைச் சுற்றி உடைப்பார். வீட்டுக்காரர் கொடுக்கிற புது வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு, தன் ஆயுதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியேறுவார். அத்தோடு அந்த வீட்டுக்கும் அவர் கைக்கும் சம்பந்தம் தீர்ந்தது. அதன்பிறகு வெற்றிலை வைத்துப் புதிதாகக் கூப்பிட்டால்தான் அங்கே உளி எடுக்கலாம். கூப்பிடாமல் உள்ளே போனால் வீட்டுக்கும் ஆகாது, ஆசாரிக்கும் ஆகாது என்பது நம்பிக்கை. எந்திரத்துக்கு யாரும் இதைச் செய்ததில்லை.

அரசப்பனின் தம்பி சிதம்பரம் தச்சு வேலைக்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணே, வீட்டுக்குக் கழிப்பாக. வண்டிக்குக் கழிப்பாகளா? ஏத்தத்துக்குக் கழிப்பாகளா? நாளைக்கு நீதான உள்ள போயி ஓட்டணும்?"

"மரியாதை செய்யணும்னு கூப்புடுறாருடா. ஐஸ் கம்பெனியில இருபது வருசம் இருந்தேன், ஒருத்தன் ஒரு துண்டு போட்டிருக்கானா?"

"துண்டுக்காகவா?"

"துண்டுக்காக இல்லடா. இரும்புத் துண்டுன்னு சிரிச்சாகள்ல? அதையும் ஒரு வீடு மாதிரி மதிக்கிறாருல்ல, அதுக்காக."

அன்று சாயங்காலம், பொழுது சாய்வதற்கு முன், ஊரே பார்க்க அரசப்பன் பூசணிக்காயை உடைத்தார். வேட்டி துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்பேனர்கள், சுத்தியல், அந்தக் கம்பித் தூரிகை எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, முறைப்படி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை குளித்து, புது வேட்டியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். வாசலில் எந்திரத்தை ஓட்ட வந்த காரைக்குடி ஆயில் எஞ்சின் டிரைவர் ஒருவன் நின்றான். கொட்டகையின் மேல் பலகை தொங்கியது. 'மாப்பிள்ளை சத்தியமூர்த்தி பி.இ. அவர்கள் யோசனையில், பூமிநாதன் அம்பலம் அவர்கள் நிறுவிய வெந்நீர் மின்சார நிலையம்.' ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பங்கள் தெற்கே போகவில்லை. வடக்கே, மாமா வீட்டுக்குப் போயிருந்தன. அதில் ஓடியது பதினான்கு வீட்டுச் செம்பு. வீட்டு முகப்பிலும் பந்தலிலும் முப்பது பல்புகள்.

அரசப்பன் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வந்திருந்த அதிகாரிகளுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னாலேயே கேட்டுவிட்டார். தச்சு கழித்தது முதல் தப்பு, இது இரண்டாவது தப்பு என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"அம்பலம், கம்பி எங்குட்டுப் போகுது?"

மாமா குரலை உயர்த்தவில்லை. "ஆசாரி, நேத்துத் தச்சு கழிச்சீரா இல்லையா?"

"கழிச்சேன்."

"வேட்டி துண்டு வாங்கினீரா?"

"வாங்கினேன்."

"கழிச்ச எடத்துல ஆசாரிக்கு என்ன பேச்சு? சபையில கேளும். எவனாவது உமக்கு உரிமை இருக்குன்னு சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் ஆசாரி தெருக்காரர்கள்தான். அவர்கள் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ வீடுகளில் அப்படிக் கழித்துவிட்டு வந்தவர்கள். அந்த வழக்கம் பொய் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வழிவிட்டு நின்றார்கள். எந்திரம் ஓடியது. அவர் இல்லாமலே நன்றாக ஓடியது.

தெருவுக்குத் திரும்பியதும்தான் பேசினார்கள். ஆசைத்தம்பி, "எங்க வீட்டுக் கொடம் ரெண்டும் அம்பலம் பந்தல்ல எரியுது. உனக்கு வேட்டி கெடச்சிருச்சு. நல்ல வேட்டியாடா, நயமா இருக்கா?" என்றார்.

"முதக் கம்பி நமக்குன்னுதான் அம்பலம் சொன்னாரு" என்றார் அரசப்பன்.

"உங்கிட்டதான சொன்னாரு? நாங்க கேட்டோமா? அவரு சொல்லவே இல்லைங்கிறாரு. நீயா வித்துப்புட்டு வந்து கதை விடுறியோ என்னமோ."

ஏமாந்துவிட்டாய் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். விற்றுவிட்டாய் என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எந்திரம் போகட்டும், பலகையில் பேர் போகட்டும், வாக்குக் கொடுத்தது உண்மை என்று மட்டும் தெருவுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தார். அந்த வாக்கைக் கேட்ட மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. சிதம்பரத்தையும் ஆசைத்தம்பியையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, மாமா இல்லாத நேரமாகப் பார்த்து, எங்கள் அத்தை வீட்டு வாசலுக்குப் போனார்.

"ஆத்தா, வேற ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு மோரு கொண்டாந்தீக. அம்பலம் என்ன சொன்னாருன்னு இவுககிட்டச் சொல்லுங்க. அது போதும்."

அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். உள்ளே மகளுக்கு நிச்சயப் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அடுப்படிக்குப் போயிட்டேன் ஆசாரி. என்ன பேசுனீகன்னு காதுல விழுகல."

"ஆத்தா, நீங்களும் சிரிச்சுப் பேசுனீகளே."

"எனக்கு நெனவு இல்ல" என்று சொல்லிவிட்டு அத்தை கதவைச் சாத்தினார்.

திரும்பும் வழியில் ஐந்து பேரும் அவரை விட்டுத் தள்ளியே நடந்தார்கள். சிதம்பரம்கூட இரண்டடி முன்னால் நடந்தாராம். அந்த மாதக் கடைசியில் அரசப்பன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, வள்ளிக்கண்ணுவோடு தூத்துக்குடிக்குப் போனார். காரைக்குடி கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான்.

எந்திரம் அந்தக் கல்யாணம் வரைக்கும் ஓடியது. பங்குனியில் கண்மாய் வற்ற ஆரம்பித்ததும் வேகம் குறைந்தது. கசடைச் சுரண்ட வேண்டும் என்று புது டிரைவருக்குத் தெரியாது. சித்திரையில் நின்றே போனது. சத்தியமூர்த்தி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இது படிப்புக்கு ஒத்துவராத எந்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரிகளைப் பிடித்து, அடுத்த வருஷமே மாமா தன் புது ரைஸ் மில்லுக்குக் கரண்ட் லைன் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு கம்ப்ரஸரும் குழாய்களும் பழைய இரும்புக்குப் போயின. ஆசாரி தெருவுக்கு லைட் வந்தது 1974இல். அதற்கு முன்பே ஆசைத்தம்பிக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. வெந்நீர் இன்னும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது.

போன வருஷம் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடித் தூத்துக்குடிக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் செய்கிற கம்பெனியில் அவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனேன். தலை நரைத்திருந்தது. பூமிநாதன் அம்பலத்தின் மருமகன் என்று சொன்னதும் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

"தெருவுல என்னையப் பத்தி என்ன பேசிக்கிறாக தம்பி?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "வித்துட்டீகன்னுதான் பேசிக்கிறாக" என்றேன்.

தலையை ஆட்டினார். நான் அவசரமாக, தூத்துக்குடிக்குக் கிளம்புவதற்கு முன் அத்தை என்னிடம் சொன்னதைச் சொன்னேன். எல்லாம் காதில் விழுந்தது, எல்லாம் நினைவிருக்கிறது, மகளின் நிச்சயம் கெட்டுப்போகுமே என்று பயந்து சொல்லாமல் விட்டேன் என்று அத்தை அழுததைச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இதத் தெருவுல வந்து சொன்னாகளா?"

"இல்லய்யா. எங்கிட்ட மட்டும்தான்."

"அப்ப எனக்கு எதுக்குத் தம்பி சொல்றீக? நடந்தது எனக்குத் தெரியாதா?"

கம்பெனிச் சங்கு ஊதியது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். அதனால் இதை அவருக்காக எழுதவில்லை, ஆசாரி தெருவில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அரசப்பன் விற்கவில்லை. என் மாமா வாக்குக் கொடுத்தார், என் அத்தை முத்தழகு அதைக் கேட்டார். எழுதி முடித்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "எல்லாம் இருக்கட்டும்டா, என் பேர மட்டும் எடுத்துரு" என்றார். பேரை எடுத்துவிட்டால் இதில் சாட்சி இல்லை. நான் எடுக்கவில்லை.